பட்டரவாக்கம் வரை ஒரு சொல்

அன்புள்ள உனக்கு,

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு என் மருமகள் வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின், பேரனின் சைக்கிள். கடைசியாகக் கூடத்துச் சுவரில் பச்சை விளக்குகள் மின்னும் இன்டர்நெட் பெட்டிக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டாள். அந்தப் பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஈரச் சந்தனம் அந்தச் சூட்டில் காயக் காய, சுட்ட பிளாஸ்டிக்கும் சந்தனமும் கலந்த வாசனை எழுந்தது. சுண்டல் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அத்தை, வைக்கக் கூடாத இடத்துல வெச்சுட்டேனா?" என்றாள்.

"இல்லம்மா, நல்லா வை. எதையும் கழட்டித் தொடைக்காம இருந்தா சரி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நீ போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உன்னிடம் சொல்ல நினைப்பவை சேர்ந்துகொண்டே போகின்றன. அதில் முதன்மையானது பழைய விஷயம் ஒன்று. உன் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த ஒரு தப்பை நான் செய்தேன். அதற்கு ரயிலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேறொன்று சொன்னாய். அந்த வேறொன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பழகியது ஆவடி மின்ரயிலின் பெண்கள் பெட்டியில், எண்பதுகளின் தொடக்கத்தில். நான் ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி கொரட்டூரில் ஒரு பள்ளிக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போவேன். நீ எனக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் பட்டரவாக்கத்தில் இறங்கி தொழிற்பேட்டைக்குள் நடப்பாய். அங்கே ஒரு பம்பு கம்பெனியில் நீ டெலிபோன் ஆபரேட்டர். இருவருக்கும் ஒரே வயது. நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தையே கிண்டல்தான். மடியில் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்து, "பாத்து டீச்சர், வண்டி ஆடுற ஆட்டத்துல பெயிலானவன்லாம் பாஸாயிடப் போறான்" என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு டீச்சர்தான். என் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை.

உன் குடும்பத்தில் கூலி வேலை இல்லாமல் மேசை முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீ. அந்த டெலிபோன் போர்டைப் பற்றிப் பேசும்போது உன் முதுகு தானாக நிமிரும். எதிரே வரிசை வரிசையாக ஓட்டைகள், கீழே வால் போலக் கயிறுகள். விளக்கு எரிந்தால் ஒரு கயிற்றைச் சொருகி, "எந்த செக்ஷன் சார்?" என்று கேட்டு, அடுத்த கயிற்றை அங்கே சொருக வேண்டும். மாலையில் ஏறும்போது காதில் மாட்டிய கருவியின் தடம் உன் தலைமுடியில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதைச் சீப்பால் சரிசெய்துகொண்டே அன்று யார் யாரிடம் எரிந்து விழுந்தார்கள் என்று சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாய்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலை நீ சிரிக்கவே இல்லை. கம்பெனியில் தானாக இணைப்பு கொடுக்கும் புதுப்பெட்டி வந்துவிட்டது. போர்டைக் கழற்றி கோடவுனில் போட்டுவிட்டார்கள். உன்னைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆபீசில் இருந்த ஏழெட்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே கேபிளில் கோத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. ஆறு மாதம் கழித்து மேனேஜர் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் அந்த இடம் உனக்கு. இல்லாவிட்டால் பேக்கிங் செக்ஷன்.

"பேக்கிங்ல காலைல போனா சாய்ங்காலம் வரைக்கும் நின்னுகினே இருக்கணும் டீச்சர். என் முட்டி ஒரு மாசம் தாங்காது. அப்பால வேலையே வாணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுல குந்த வேண்டிதான்" என்றாய். உன் சம்பளத்தில்தான் வீடு நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

"நான் சொல்லித் தரேன்" என்றேன். எவ்வளவு துணிச்சல் பார். கோடை விடுமுறையில் எனக்குப் பத்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் பள்ளியில் இருந்தவை இரண்டே கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. நெட்வொர்க் கேபிளை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு புத்தகமும், எதற்கும் ஓர் உதாரணம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும்தான்.

ஆவடியில் ஏறினால் பட்டரவாக்கம் வரை கால் மணி நேரம். அந்தக் கால் மணிக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டோம். காலையில் நான் சொல்வேன். அன்று முழுவதும் அந்தச் சொல்லை ஆபீசில் தேடிப் பார்த்துவிட்டு, மாலையில் நீ எனக்குத் திருப்பிச் சொல்வாய். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாய். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல்.

முதல் சொல் பாக்கெட். "பால் பாக்கெட்டா?" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நான் கட்டிலைச் சொன்னேன். குவார்ட்டர்ஸில் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு மாறும்போது தேக்குக் கட்டிலை முழுசாக வாசல் வழியே கொண்டுபோக முடியாது. கால், சட்டம், பலகை என்று கழற்றி, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டு, எந்த வீட்டுக்கு என்றும் எழுதி அனுப்புவோம். எந்தத் துண்டு முன்னால் போனாலும் பரவாயில்லை, அங்கே எண் பார்த்துப் பூட்டிக்கொள்வார்கள். மூன்றாம் எண் வரவில்லை என்றால் அதை மட்டும் மறுபடி கேட்டால் போதும். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு எதை அனுப்பினாலும் இப்படித் துண்டு துண்டாகத்தான் அனுப்பும், அந்த ஒரு துண்டுதான் பாக்கெட் என்றேன். நீ உடனே, "கட்டில்ல மூட்டப்பூச்சி இருந்தா அதுவும் கூடவே போவுமா?" என்றாய். வைரஸ் என்ற சொல்லை எடுத்துக்காட்டு தேடாமலேயே அன்று முடித்துவிட்டோம்.

புரோட்டோகால் என்ற சொல்லை மட்டும் எனக்கு நீதான் விளக்கினாய். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள முன்கூட்டியே ஒத்துக்கொண்ட முறை என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். "அட, இதுக்கா இவ்ளோ பெரிய பேரு? விளக்கு எரியணும், நான் எடுக்கணும், யாரு வேணும்னு கேக்கணும், அவங்க சொன்னப்புறம்தான் நான் சொருவணும். முன்ன பின்ன மாத்துனா லைன் குடுக்க முடியாது. பதினஞ்சு வருசமா இத்ததான பண்ணிகினு கீறேன்" என்றாய். அன்று பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தபோது, போர்டு போன பிறகு முதல் தடவையாக உன் முதுகு நிமிர்ந்திருந்தது.

ஒரே கேபிளில் எல்லாரும் எப்படிப் பேசுவது என்பதற்குப் பெண்கள் பெட்டியே போதுமானதாக இருந்தது. பூ விற்கும் அம்மா ஒரு முனையிலிருந்து, "கனகாம்பரம் கேட்ட அக்கா!" என்று கூவினால் பெட்டி முழுக்கக் கேட்கும். ஆனால் கேட்டவள் மட்டும்தான் திரும்புவாள். கேபிளிலும் அப்படித்தான், யாருக்கு என்ற முகவரி பாக்கெட்டின் மேலேயே இருக்கும். பேச நினைப்பவர் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அமைதியாக இருந்தால் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் இருவர் சொன்னதும் பாழ். இருவரும் நிறுத்தி, ஆளுக்கு ஒரு அளவு பொறுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். "நம்ம பொட்டில யாரு பொறுக்குறா?" என்று நீ கேட்டது பூக்காரம்மாவுக்கே கேட்டுவிட்டது. "உன் வாயிக்கி முன்னால யாரும்மா பேச முடியும், எல்லாரும் பொறுத்துகினுதான் கீறோம்" என்றார் அவர்.

இப்படிச் சொல் சொல்லாக ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள் டெர்மினேட்டர் வந்தது.

கேபிளின் இரண்டு கடைசி முனைகளிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளி நிறக் குப்பி இருப்பதாகவும், அது எந்தக் கம்ப்யூட்டரோடும் சேரவில்லை, சும்மா இருக்கிறது என்றும் நீ சொன்னாய். புத்தகத்தைப் பார்த்தேன். இரு முனைகளிலும் டெர்மினேட்டர் பொருத்த வேண்டும் என்று ஒரே வரி. ஏன் என்று இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எனக்கு அது வாயில் வரவில்லை. அம்பத்தூர் ஸ்டேஷன் வந்துவிட்டது, அடுத்தது நீ இறங்க வேண்டிய இடம். கையில் இருந்த சிவப்புப் பேனாவைக் காட்டினேன். "இதோ, பேனா மூடி மாதிரி. தூசி போகாம இருக்க. மூடி தொலஞ்சா பேனா எழுதாமலா போகுது?" என்றேன். நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். டெர்மினேட்டர், மூடி.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. விடுமுறைக்கு முந்தின நாளே கம்பெனியில் பூஜை. ஒவ்வொரு செக்ஷனும் தன் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து அலங்கரித்தது. லேத் ஆட்கள் லேத்துக்கு மாலை போட்டார்கள், பேக்கிங் ஆட்கள் சுத்தியல்களை வரிசையாக அடுக்கினார்கள். உன் பிரிவுக்குச் சாமி படத்தின் முன்னால் வைக்க என்ன இருந்தது? ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு குறடு. வாழையிலையில் அவை இரண்டும் மட்டும் கிடந்தது உனக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, கேபிள் முனைகளில் இருந்த இரண்டு மூடிகளையும் திருகி எடுத்து, பளபளவென்று துடைத்து, சந்தனம் இட்டு, இலையில் குறட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். அழகாக இருந்தது என்று பிறகு சொன்னாய். அதே இலையில்தான் பொரி கடலையையும் குவித்தார்கள். பூஜையில் வைத்த கருவிகளை அன்றே எடுக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் அப்படியே விட்டு வந்தாய். விடுமுறை முடிந்து போனபோது இலை இல்லை, கூடத்தையே கழுவித் துடைத்திருந்தார்கள். ஸ்குரூடிரைவரும் குறடும் மேசைமேல் இருந்தன. மூடிகள் இல்லை. மூடிதானே என்று நீ கவலைப்படவில்லை.

அன்று ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை.

நான் அன்று மாலை கொரட்டூரிலிருந்து வரும் வண்டியில் உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். நீ ஏறியதும் உன் விரல்களைத்தான் பார்த்தேன். நகக் கண்ணெல்லாம் காய்ந்த சந்தனம்.

"ஒவ்வொரு மிசினுலயும் சந்தனத்த சுரண்டி எடுத்துட்டேன் டீச்சர். கேபிள கழட்டிக் கழட்டி மாட்டிட்டேன். ஒண்ணும் வேலைக்கு ஆவல. இன்னிக்கு ஒரு சரக்கு சலானும் அடிக்க முடியல, லாரிங்கோ வாசல்ல நின்னுகினு கீது. மேனேஜர் எல்லாரு எதிர்லயும், 'போர்டு ஆபரேட்டர்கிட்ட கம்ப்யூட்டர குடுத்தது என் தப்பு'ன்னாரு. நாளைக்குக் காலைல சரியாவலன்னா அவரு கேள்வியே கேக்க மாட்டாராம். நேரா பேக்கிங்காம்."

"எதையாவது மாத்தினியா? யோசிச்சுப் பாரு."

"ஒண்ணுமே மாத்தல. அந்த மூடி ரெண்டு காணோம், அவ்ளோதான்."

"அது மூடிதானே" என்றேன் நானும்.

பிறகு நான் ஒன்று சொல்ல வாயெடுத்தேன், அதே நேரம் நீயும் தொடங்கினாய். இருவரும் நிறுத்தினோம். மறுபடி ஒரே நேரத்தில் தொடங்கினோம். மறுபடி நிறுத்தினோம். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். நீ கையை உயர்த்தி, "இரு" என்றாய். முகம் மாறிவிட்டது.

"டீச்சர், போர்டுல குந்திகினு இருக்க சொல்ல, சில வெளியூர் லைன்ல நாம பேசுனது நமக்கே திரும்பி வரும். அலோன்னா ஒரு செகண்டு கழிச்சு என் அலோவே என் காதுக்கு வரும். எதிர்ல கீறவங்க பேசறாங்கன்னு நான் நிறுத்துவேன், பாத்தா அது என் கொரலு. அப்டியே நின்னு நின்னு ஒரு வார்த்த பேச முடியாது. முனைல சரியா சேக்கலன்னா அப்டி ஆவும்னு லைன்மேன் சொல்லுவாரு."

நீயே மேலே போனாய். "அந்த முனைல ஒண்ணும் இல்லன்னா, இது பேசுனது அதும்பேர்ல முட்டிகினு திரும்பி வருதா? வந்தா, யாரோ பேசறாங்கன்னு எல்லாம் கம்முனு ஆயிடுதா?"

கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்று நான் சொன்ன பெட்டி உதாரணத்தையும், உன் போர்டில் கேட்ட எதிரொலியையும் நீ ஒன்றாகச் சேர்த்துவிட்டாய். அது தூசிக்கான மூடி இல்லை. வந்து சேரும் ஒலியை வாங்கி அங்கேயே அடக்கிவிடும் பொருள். அது இல்லாத முனையிலிருந்து ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் மோதிக்கொண்டிருந்தது.

"நீதான மூடின்ன" என்றாய், மெதுவாக.

அம்பத்தூர் வந்தது, திருமுல்லைவாயல் வந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். நீ திரும்பவில்லை. ஆவடியில் இறங்கியதும் ஒன்றுமட்டும் சொன்னாய். "காலைல மொத வண்டிக்கு வந்துடு. சாமி பூவ எங்க கொட்டுனாங்கன்னு எனுக்குத் தெரியும்."

பூஜைப் பூவைக் குப்பையில் போடமாட்டார்கள், கால் படாத இடமாகப் பார்த்துக் கொட்டுவார்கள். உங்கள் கம்பெனியில் அது வாசலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தடி. மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் நாம் இருவரும் அங்கே குந்தி, வாடிய சாமந்தியையும் நசுங்கிய எலுமிச்சையையும் கிழிந்த வாழையிலையையும் கிளறிக்கொண்டிருந்தோம். இலையில் பாதியை மாடு தின்றிருந்தது. "மாடு மூடியையும் முழுங்கியிருந்தா?" என்றேன். "அப்ப மாட்டத்தான் கேபிள்ல கட்டணும்" என்றாய். நீ என்னோடு பேசிவிட்டாய் என்பதில் எனக்கு வந்த நிம்மதியில் எறும்பு கடித்ததுகூடத் தெரியவில்லை.

முதல் மூடி ஒரு மாலைச் சரத்தின் நாருக்குள் சிக்கிக் கிடந்தது. இரண்டாவது கிடைக்கவே இல்லை. ஒரு முனை திறந்திருந்தாலும் எதிரொலி எதிரொலிதான். அப்போதுதான் காலை ஷிப்டுக்கு வந்த வாட்ச்மேன், எல்லாரும் நைனா என்று கூப்பிடும் பெரியவர், சைக்கிளை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்.

"இன்னாம்மா, சாமி பூவுல இன்னாத்த துழாவுறீங்க? அதும் வெளியாள கூட்டியாந்து?"

"வெளியாளு இல்ல நைனா, என் டீச்சரு. இம்மாத்தூண்டு வெள்ளி மாதிரி ஒரு சாமான் காணோம்."

அவர் சட்டைப் பையில் கைவிட்டார். "இத்தயா சொல்ற? அன்னிக்கு எனுக்குக் குடுத்த பொரிப் பொட்டலத்துல கெடந்தது. கடலன்னு கடிச்சிட்டேன். இருக்கறதே நாலு பல்லு, அதுல ஒண்ணு ஆடுது. கம்பெனி சாமான ஊட்டுல வெச்சிகினா நாளைக்குத் திருடன்னுவானுங்கோன்னுதான், நேத்து லீவு, இன்னிக்கு எடுத்துகினு வந்தேன்."

பொரியை அள்ளியபோது மூடியும் சேர்ந்து பொட்டலமாகிவிட்டது. நீ அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். "அடச்சீ, உடு" என்றார்.

வெளியாள் என்பதால் என்னால் உள்ளே போக முடியாது. வாசலில் நின்றேன். லாரிகள் நின்றன, டிரைவர்கள் டீ குடித்தார்கள். மேனேஜரின் ஸ்கூட்டர் உள்ளே போனது. எனக்குப் பள்ளியில் முதல் மணி அடித்திருக்கும் நேரம். அப்போது வாட்ச்மேன் அறையில் போன் அடித்தது. நைனா எடுத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, உன்கிட்ட சொல்லச் சொல்லுது. எல்லாம் பேசிகினு கீதாம். யாரு யாருகிட்ட பேசறாங்கன்னு எனுக்குத் தெரியாது. நீ போவலாமாம்."

அன்று பள்ளிக்கு நடந்தேனா, பஸ்ஸில் போனேனா என்பது எனக்கு இப்போது நினைவில்லை.

மேனேஜர் உன்னை அடுத்த வாரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். டெர்மினேட்டர் என்றால் என்ன என்பதையும் கேட்டிருக்கிறார். "அது மூடி இல்ல சார், காது. கடைசில குந்திகினு வர்றதெல்லாம் கேட்டு முடிச்சுடும். அது இல்லாட்டி பேசுனவனுக்கே பேச்சு திரும்பி வரும்" என்று சொன்னாயாம். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. உன் இடம் உனக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒற்றைக் கேபிள் போய், எல்லாவற்றையும் இணைக்கும் ஹப் என்ற பெட்டி வந்து, ஹப் போய் ஸ்விட்ச் வந்து, ஒவ்வொன்றும் வந்தபோது அதற்கான சொல்லை நீயே கற்று எனக்குச் சொன்னாய். உட்கார்ந்த இடத்திலிருந்தே, முட்டி நோகாமல், ஓய்வு பெற்றாய்.

ஆனால் நான் எழுத வந்தது அந்தக் கேள்வி நாளின் மாலையைப் பற்றி. கையில் ஒரு கிலோ மைசூர் பாகோடு ஏறினாய். பூக்காரம்மா உட்படப் பெட்டிக்கே கொடுத்தாய். நான் மறுபடியும் மன்னிப்பைத் தொடங்கினேன். இனி உதாரணமே சொல்லப் போவதில்லை, புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கப் போகிறேன் என்றேன். நீ இனிப்பை என் வாயில் திணித்து அடைத்தாய்.

"அப்டி ஒண்ணும் பண்ணாத. உன் உதாரணம் இல்லன்னா எனுக்கு ஒரு மண்ணும் புரிஞ்சிருக்காது. இந்த வண்டி கீது பாரு, மூஞ்சில போர்டு போட்டுகினுதான் வருது, எது வரைக்கும் போவும்னு. உன் உதாரணத்துக்கும் ஒரு போர்டு போடு. அது வரைக்கும் ஏறிக்கிறேன். அதுக்கு மேல நான் நடந்துக்கறேன்."

அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் வகுப்பெடுத்தேன். பின்னம் என்றால் தோசைத் துண்டு என்பேன். பிறகு கரும்பலகையின் மேல் மூலையில் "எது வரை?" என்று எழுதிவிட்டுப் பெஞ்சில் போய் உட்காருவேன். பிள்ளைகள்தான் உடைக்க வேண்டும். "ஒன்றைவிடப் பெரிய பின்னத்துக்குத் தோசை பத்தாது மிஸ்" என்பான் ஒருவன். கழித்தலுக்குக் கடன் வாங்குதல் என்றால், "திருப்பித் தரவே இல்லையே மிஸ்" என்பாள் ஒருத்தி. என் உதாரணம் உடையும்போதுதான் பாடம் அவர்கள் கைக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். தெரியாது என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் வாய் கூசியது, பிறகு பழகிவிட்டது.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் அடுக்ககத்தின் மாடியில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் சிலர் கூடுகிறார்கள். புதுப் போனில் என்னென்ன செய்யலாம், எதெதைச் செய்யக் கூடாது என்று பேசிக்கொள்கிறோம். போன வாரம் பாஸ்வேர்டு. மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாஸ்வேர்டு என்பது வீட்டுச் சாவி மாதிரி, யாரிடமும் கொடுக்கக் கூடாது என்றேன். மாடியில் கரும்பலகை இல்லை. எது வரை என்று நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"சாவின்னு சொல்ற. சாவிய உன்கிட்ட குடுத்தா என்கிட்ட இருக்காது, அப்பால கேட்டு வாங்கிக்கலாம். இத்த உன்கிட்ட சொன்னா என்கிட்டயும் இருக்கும், உன்கிட்டயும் இருக்கும். அப்ப திரும்ப வாங்கவே முடியாதே டீச்சர்?"

"முடியாது" என்றேன். "சாவி அது வரைக்கும்தான் வரும்."

அவள் ரகசிய எண் போட்டுத் தரச் சொல்லி ஏற்கெனவே என்னிடம் கொடுத்திருந்த தன் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எப்டி போடணும்னு மட்டும் சொல்லு, நானே போட்டுக்கறேன்" என்றாள்.